உடற்பயிற்சிக்குப் பின் ஆவிக் குளியல்: ஒரு வெப்பக் கணக்கு

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேசியவர்: இயந்திரப் பொறியியல், 2006–2010 அணி)



இந்தத் தலைப்பு எனக்கு ஏன் வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஹாஸ்டலுக்கு ஒரு நல்ல உடற்பயிற்சிக் கூடம் கட்டித் தர வேண்டும் என்பது நம் சங்கத்தின் இந்த வருடத் திட்டம். வரைபடம் வந்துவிட்டது. அதில் ஒரு மூலையில் "ஸ்டீம் ரூம்" என்று ஒரு சிறு அறை போட்டிருக்கிறார்கள். பொருளாளர் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "நீதான் மில்லுல நீராவியோடயும் ஈரப்பதத்தோடயும் மல்லுக்கட்டறவனாச்சே, இது தேவையா இல்லையான்னு பசங்களுக்கும் புரியற மாதிரி பேசிடுப்பா" என்றார். ஆகவே இது பொழுதுபோக்குப் பேச்சு அல்ல. நம் எல்லோருடைய நன்கொடையும், இங்கே படிக்கிற பிள்ளைகளின் உடம்பும் சம்பந்தப்பட்ட விஷயம்.

நான் டாக்டர் இல்லை. ஸ்பின்னிங் மில்களில் ஈரப்பதம் காக்கும் இயந்திரங்களை அமைப்பதும் பராமரிப்பதும் என் தொழில். நூல் அறாமல் இருக்க மில்லுக்குள் ஈரப்பதம் வேண்டும். அந்த ஈரப்பதத்தில் நின்று வேலை செய்கிற மனிதனுக்கு அது சுகமாக இருக்காது. இந்த இரண்டையும் தினமும் பார்க்கிறவன் என்ற முறையில், வெப்பம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்ற கணக்கை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். மருத்துவம் பற்றிச் சொல்கிற இடங்களில் வெளியான ஆய்வுகளை வைத்துச் சொல்கிறேன்.

முதல் கணக்கு. உடற்பயிற்சி செய்யும்போது நம் தசை ஓர் எஞ்சின். அதன் திறன் 20-லிருந்து 25 சதவீதம்தான். மீதியெல்லாம் வெப்பம். ஒருவர் நிலையான சைக்கிளில் 150 வாட் வேலை செய்கிறார் என்றால், அவர் உடம்பில் ஏறத்தாழ 450 வாட் வெப்பம் உண்டாகிறது. 70 கிலோ உடம்பை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 245 கிலோஜூல் போதும். அப்படியானால் இந்த வெப்பம் வெளியே போகாமல் உள்ளேயே தங்கினால், ஒன்பது நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் உடம்புச் சூடு ஏறும். அரை மணி நேரத்தில் 37 டிகிரி 40 டிகிரியைத் தாண்டிவிடும். அது வெப்பத் தாக்குக்கான எல்லை.

ஏன் அப்படி ஆவதில்லை? வியர்வை காப்பாற்றுகிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து ஆவியாகிப் போனால் 2,400 கிலோஜூல் வெப்பத்தைத் தன்னோடு எடுத்துப் போகிறது. மேலே சொன்ன சைக்கிள்காரர் ஒரு மணி நேரம் மிதித்தால், 700 மில்லி வியர்வை ஆவியானால் போதும், கணக்கு நேராகிவிடும். இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள் தம்பிகளே: "ஆவியானால்". வழிந்து தரையில் விழுந்த வியர்வைக்குக் கணக்கில் இடமில்லை. அது தண்ணீர் நஷ்டம் மட்டும்தான், குளிர்ச்சி கிடையாது.

இப்போது அந்த மூலை அறைக்கு வருவோம். ஜிம்களில் இரண்டு வகை வெப்ப அறைகள் உண்டு. ஒன்று "சௌனா". ஃபின்லாந்து நாட்டு வழக்கம். மரப்பலகை அறை, சூடான கற்கள், 70-லிருந்து 100 டிகிரி வரை வெப்பம், ஆனால் காற்று உலர்ந்தது. இன்னொன்று "ஸ்டீம் ரூம்". ஓடு பதித்த அறை, கொதிகலனிலிருந்து வரும் நீராவி, 40-லிருந்து 50 டிகிரி வரை வெப்பம், ஈரப்பதம் ஏறக்குறைய 100 சதவீதம்.

"80 டிகிரி எங்கே, 45 டிகிரி எங்கே, ஸ்டீம் ரூம்தானே லேசானது?" என்று பலரும் நினைக்கிறார்கள். தெர்மோடைனமிக்ஸ் பேப்பரில் நீங்கள் பார்த்த அட்டவணையை எடுத்துப் பாருங்கள். 80 டிகிரியில் 10 சதவீத ஈரப்பதம் உள்ள சௌனாவில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 29 கிராம் நீராவி இருக்கிறது. 45 டிகிரியில் முழுதும் ஈரமான ஸ்டீம் ரூமில் அதே கன மீட்டரில் சுமார் 65 கிராம். இரண்டு மடங்குக்கும் மேல்! சௌனாவில் தோலிலிருந்து வியர்வை ஆவியாக இடம் இருக்கிறது. ஸ்டீம் ரூமில் இடமே இல்லை. சொல்லப் போனால் அங்கே வண்டி திசைமாறி ஓடுகிறது. தோலின் வெப்பம் காற்றின் பனிநிலையை விடக் குறைவாக இருப்பதால், காற்றிலுள்ள நீராவி நம் தோலின் மேல் நீராகப் படிகிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டிலின் மேல் தண்ணீர் முத்து முத்தாக நிற்குமே, அதே கதை. படியும்போது தன் உள்ளுறை வெப்பத்தை நம்மிடமே கொடுத்துவிட்டுப் போகிறது. நூறு கிராம் நீராவி இப்படிப் படிந்து அதன் வெப்பம் முழுவதும் உடம்புக்குள் போனால், 70 கிலோ ஆளை ஒரு டிகிரி சூடாக்க அதுவே போதும்.

ஆகவே ஸ்டீம் ரூமில் உடம்பிலிருந்து வழிகிறதே, "செம வேர்வை மச்சான்" என்று சந்தோஷப்படுகிறோமே, அதில் ஒரு பங்கு நம் வியர்வையே இல்லை. கொதிகலனிலிருந்து வந்த தண்ணீர்.

எங்கள் மில்லில் டிரை பல்ப், வெட் பல்ப் என்று இரண்டு வெப்பமானிகளைப் பார்ப்போம். ஈரத்துணி சுற்றிய வெட் பல்ப் காட்டுகிற அளவுதான் மனிதனுக்கு முக்கியம். வியர்வையால் நாம் எவ்வளவு குளிர முடியும் என்பதை அதுதான் சொல்கிறது. வெட் பல்ப் 35 டிகிரி போனால் நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதனும் நெடுநேரம் தாங்க மாட்டான் என்று 2010-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. 2022-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நல்ல உடல்நலமுள்ள இளைஞர்களை வைத்தே சோதித்துப் பார்த்தார்கள். லேசான வேலை செய்யும்போது, ஈரம் மிகுந்த காற்றில், வெட் பல்ப் 31 டிகிரியை ஒட்டியே அவர்கள் உடம்புச் சூடு நிற்காமல் ஏற ஆரம்பித்துவிட்டது. ஸ்டீம் ரூமின் வெட் பல்ப் எவ்வளவு? ஈரப்பதம் 100 சதவீதம் என்றால் டிரை பல்பும் வெட் பல்பும் ஒன்றுதான். 45 டிகிரி!

இதைக் கேட்டுவிட்டு, "அப்போ உள்ளே போறவங்க எல்லாம் எப்படி உயிரோட வர்றாங்க?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில்: சீக்கிரம் வெளியே வந்துவிடுவதால். ஸ்டீம் ரூமில் உடம்பு சமநிலைக்கு வருவதே இல்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் சூடு ஏறிக்கொண்டேதான் இருக்கும். நம்மைக் காப்பது கடிகாரம் ஒன்றுதான். பழகிவிட்டது, எனக்கு ஒன்றும் செய்யாது என்பதெல்லாம் இந்தக் கணக்கில் செல்லாது.

சரி, உடம்புக்குள் என்ன நடக்கிறது? வெப்பத்தைத் தோலுக்குக் கொண்டுவந்து வெளியே தள்ள, இதயம் ரத்தத்தைத் தோல் பக்கம் திருப்பி விடுகிறது. சாதாரணமாகத் தோலுக்குப் போகிற ரத்தம் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவு. கடும் வெப்பத்தில் அது 6-லிருந்து 8 லிட்டர் வரை போகலாம். ஓய்வாக இருக்கும்போது இதயம் மொத்தமாகத் தள்ளுகிற ரத்தமே நிமிடத்துக்கு 5 லிட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். நாடித் துடிப்பு ஏறுகிறது. ரத்தக் குழாய்கள் விரிகின்றன. ரத்த அழுத்தம் இறங்குகிறது.

இது காலையில் சும்மா போய் ஆவிக் குளியல் எடுப்பவர் கதை. உடற்பயிற்சி முடித்த கையோடு போகிறவர் நிலைமை வேறு. அவர் உடம்பு ஏற்கெனவே 38, 38.5 டிகிரியில் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரை இழந்திருக்கிறார். கால் தசைகளில் ரத்தக் குழாய்கள் விரிந்தே கிடக்கின்றன. ஓடும்போது அந்தத் தசைகள் ரத்தத்தை மேலே பிழிந்து அனுப்பிக்கொண்டிருந்தன. நின்றதும் அந்தப் பம்பும் நின்றுவிட்டது. இப்போது ஸ்டீம் ரூம் தோலுக்கும் பங்கு கேட்கிறது. ஒரே சம்பளத்தில் இரண்டு வீட்டுக்கு வாடகை கட்டுகிற மாதிரி. உட்கார்ந்திருக்கும் வரை தெரியாது. எழுந்து நிற்கும் அந்த நொடியில் மூளைக்கு ரத்தம் குறைந்து கண் இருட்டுகிறது. தரை வழுக்கும் ஓடு; சுவர் ஓடு; பெஞ்சின் விளிம்பும் ஓடு.

என் வகுப்புத் தோழர் ஒருவருக்கு இரண்டு வருடம் முன்பு இப்படித்தான் நடந்தது. பெயர் வேண்டாம், இங்கேதான் எங்கோ உட்கார்ந்திருக்கிறார். ஒரு மணி நேரம் டிரெட்மில், உடனே ஸ்டீம். அவருக்கு முப்பத்தைந்து வயது, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர். எழுந்தார், விழுந்தார், புருவத்தில் மூன்று தையல். அதைவிட எனக்கு உறுத்திய விஷயம், அந்த ஜிம்மின் கதவில் உள்ளே பார்க்கக் கண்ணாடி இல்லை. அடுத்து உள்ளே போனவர் பார்த்துத்தான் தூக்கினார்கள். எவ்வளவு நேரம் கிடந்தார் என்று யாருக்கும் தெரியாது.

இவ்வளவு பயமுறுத்திவிட்டுப் பலனைச் சொல்லாமல் போனால் அது நேர்மை ஆகாது. பலன் இருக்கிறது.

2022-ல் ஃபின்லாந்தில் ஓர் ஆய்வு வெளியானது. உட்கார்ந்தே வேலை பார்க்கிற, இதய நோய்க்கான ஏதாவது ஓர் அபாயக் காரணி உள்ள 47 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு சும்மா இருந்தது. ஒரு குழு வாரம் மூன்று நாள் 50 நிமிடம் உடற்பயிற்சி செய்தது. மூன்றாவது குழு அதே உடற்பயிற்சியோடு 15 நிமிடம் சௌனாவிலும் உட்கார்ந்தது. எட்டு வாரம் கழித்துப் பார்த்தால், உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களை விட மூன்றாவது குழுவுக்கு மேல் ரத்த அழுத்தம் சராசரி 8 புள்ளி கூடுதலாகக் குறைந்திருந்தது. இதயமும் நுரையீரலும் உழைக்கிற திறனும் சற்றுக் கூடியிருந்தது.

2007-ல் வெளியான இன்னொரு ஆய்வில், நெடுந்தூர ஓட்டக்காரர்கள் மூன்று வாரம் பயிற்சிக்குப் பின் சௌனாவில் உட்கார்ந்தார்கள். ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, களைத்து நிற்கும் வரை ஓடுகிற நேரம் 32 சதவீதம் நீண்டது. ஆனால் மொத்தம் ஆறே பேர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2015-ல் ஃபின்லாந்தின் குவோப்பியோ பகுதியில் 2,315 நடுவயது ஆண்களை ஏறக்குறைய இருபது வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வு வெளியானது. வாரம் நான்கிலிருந்து ஏழு முறை சௌனா போனவர்களுக்கு, வாரம் ஒரு முறை போனவர்களை விடத் திடீர் இதயச் சாவு 63 சதவீதம் குறைவு.

ஜிம் விளம்பரங்களில் வருகிற "ஆராய்ச்சியில் நிரூபணம்" எல்லாம் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஆய்வுகள்தாம். ஆனால் இரண்டு விஷயத்தை விளம்பரம் சொல்லாது. முதலாவது, இவையெல்லாம் சௌனாவில் நடந்தவை. ஸ்டீம் ரூமுக்கு அப்படியே பொருத்த முடியாது. காரணத்தைத்தான் கிராம் கணக்கில் பார்த்தோமே. இரண்டாவது, 2015 ஆய்வு வெறும் கவனிப்பு. வாரம் ஏழு நாள் சௌனா போகிறவன் ஏற்கெனவே திடமாக இருப்பதால்தான் போகிறானோ என்னவோ, அந்தச் சந்தேகம் முழுவதுமாகத் தீராது.

ஈர வெப்பத்துக்கென்று தனியாகச் சொல்ல வேண்டுமானால், 2013-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், கடும் உடற்பயிற்சி முடிந்த உடனே தொடையில் ஈர வெப்ப ஒத்தடம் கொடுத்தபோது, மறுநாள் வருகிற தசை வலி குறைந்தது. நம் பாட்டிமார் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தது வீண் போகவில்லை. ஆனால் அது தொடைக்கு மட்டும் கொடுத்த வெப்பம்; உடம்பு முழுவதையும் அறைக்குள் வைத்துப் பூட்டியது அல்ல. மற்றபடி தசை இறுக்கம் தளர்வது, மூக்கடைப்பு கொஞ்ச நேரம் விடுவது, மனசு லேசாவது, இவை போகிற எல்லோரும் அனுபவித்துச் சொல்பவை. நான் மறுக்கவில்லை.

நமக்கு ஆவி புதியதும் அல்ல. சித்த மருத்துவத்தின் 32 வகைப் புற மருத்துவங்களில் வேது பிடித்தலும் ஒன்று. வீட்டில் சளி பிடித்தால் நொச்சி இலை போட்டு, போர்வைக்குள் தலையை விட்டு, ஐந்து நிமிடம். மருந்தென்றால் அளவு உண்டு, கூட ஆள் உண்டு. ஜிம்மில் மாதக் கட்டணத்தோடு "இலவசமாக" வரும்போது அளவும் போய்விடுகிறது, ஆளும் போய்விடுகிறார்.

அடுத்து, நம் மாணவர்கள் முக்கியமாகக் கேட்க வேண்டிய பகுதி. எடை குறைப்பு.

"ஸ்டீம் போனா ஒரே நாள்ல ஒரு கிலோ இறங்குது சார்" என்கிறார்கள். இறங்கும். அது தண்ணீர். ஒரு கிலோ கொழுப்பைக் கரைக்க ஏறக்குறைய 7,700 கலோரி செலவழிக்க வேண்டும். அதைக் கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து கரைக்க முடியாது. இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் அந்தக் கிலோ திரும்பி வந்துவிடும். திரும்பி வரவும் வேண்டும்.

இதைச் சிரித்துவிட்டுப் போக முடியாது. 1997-ல், நவம்பர் 7-க்கும் டிசம்பர் 9-க்கும் இடையில், அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இறந்து போனார்கள். மூவருக்கும் வயது 19-லிருந்து 22-க்குள். இங்கே உட்கார்ந்திருக்கும் தம்பிகளின் வயது. போட்டிக்கு எடை சரியாக வர வேண்டும் என்று, வியர்வையை வெளியே விடாத ரப்பர் போன்ற உடையை உள்ளே போட்டுக்கொண்டு, சூடான இடத்தில் கடுமையாக உடற்பயிற்சி செய்தார்கள். வியர்வை வழிந்தது, ஆவியாகவில்லை. முன்னால் போட்ட கணக்கு ஞாபகம் இருக்கிறதா? ஒன்பது நிமிடத்துக்கு ஒரு டிகிரி. அந்த உடை ஒவ்வொருவரும் தன்மேல் மாட்டிக்கொண்ட ஒரு ஸ்டீம் ரூம். 1998-ல் அந்த நாட்டுக் கல்லூரி விளையாட்டு அமைப்பு, மல்யுத்த வீரர்கள் எடை குறைக்க அந்த உடையையும் சௌனா போன்ற வெப்ப அறைகளையும் பயன்படுத்தத் தடை போட்டது. நம் ஊரிலும் எடைப் பிரிவு வைத்து நடக்கிற விளையாட்டுகள் இருக்கின்றன: குத்துச்சண்டை, பளுதூக்குதல், கபடியில் சில போட்டிகள். பயிற்சியாளர் சொன்னாலும் சரி, சீனியர் சொன்னாலும் சரி, எடை குறைக்க ஆவி அறைக்குள் போகாதீர்கள்.

"உடம்பிலிருக்கும் நச்செல்லாம் வியர்வையில் போயிடும்" என்பது அடுத்த நம்பிக்கை. வியர்வை என்பது தண்ணீரும் உப்பும்தான். மற்றவை மிகச் சொற்பம். கழிவை வெளியேற்ற ஆண்டவன் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் வைத்திருக்கிறான். தண்ணீரை வற்ற விட்டால் அந்தச் சிறுநீரகத்துக்குத்தான் கஷ்டம்.

இனி யார் யார் போகக் கூடாது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். இதய நோய் உள்ளவர்களும், ரத்த அழுத்த மாத்திரை, சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் தங்கள் மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம். இன்சுலின் போடுகிறவர்களுக்கு வெப்பத்தில் மருந்து வேகமாக ரத்தத்தில் கலந்து சர்க்கரை இறங்கிவிடலாம். கர்ப்பிணிகள், அதிலும் முதல் மூன்று மாதத்தில், தவிர்க்க வேண்டும். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகிற காலத்தில் தாயின் உடம்புச் சூடு அதிகம் ஏறுவது நல்லதல்ல. ஆஸ்துமா உள்ள சிலருக்கு அடர்ந்த நீராவியே மூச்சைப் பிடிக்கும். காய்ச்சல் இருக்கும்போது வேண்டவே வேண்டாம். குடித்துவிட்டுப் போவது தற்கொலைக்குச் சமம்.

என் வயதுக்காரர்கள் பலர் குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள். அவர்களுக்காக ஒன்று. 2013-ல் இத்தாலியில் வெளியான ஆய்வில், பத்து ஆரோக்கியமான ஆண்கள் மூன்று மாதம், வாரம் இரண்டு முறை, கால் மணி நேரம் சௌனா போனார்கள். விந்தணுக்களின் எண்ணிக்கையும் ஓட்டமும் குறைந்தன. நிறுத்திய பின் ஆறு மாதத்தில் பழைய நிலைக்கு வந்தன. ஆகவே பயப்பட வேண்டியதில்லை; ஆனால் டாக்டரிடம் போய்க்கொண்டிருக்கும் காலத்தில் இதை நிறுத்தி வைப்பது புத்திசாலித்தனம். கூச்சப்பட்டு யாரும் சொல்லாத விஷயம் என்பதால் மேடையிலேயே சொல்லிவிட்டேன்.

"யார் ரொம்ப நேரம் உட்காருறான்னு பார்ப்போமா" என்று பந்தயம் கட்டுகிறவர்களுக்கும் ஒரு செய்தி உண்டு. ஃபின்லாந்தின் ஹெய்னோலா ஊரில் உலக சௌனா போட்டி என்று ஒன்று நடந்து வந்தது. 2010 ஆகஸ்டில் நடந்த இறுதிச் சுற்றில் 110 டிகிரி வெப்பம். அரை நிமிடத்துக்கு ஒரு முறை கல்லின் மேல் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. ஆறு நிமிட அளவில் கடைசி இருவரையும் வெளியே இழுத்தார்கள். ஒருவர் இறந்தார், மற்றவர் பலத்த தீக்காயத்தோடு மருத்துவமனையில் கிடந்தார். இருவரும் அனுபவசாலிகள். அத்தோடு அந்தப் போட்டியே முடிந்துபோனது.

எல்லாம் சரி, உடம்பில் குறை ஒன்றும் இல்லாத ஆள் எப்படிப் போக வேண்டும்? என் குறிப்புகள் இவை.

ஒன்று: உடற்பயிற்சி முடிந்ததும் பத்து நிமிடமாவது மெதுவாக நடந்து, மூச்சும் நாடியும் இறங்கிய பிறகே உள்ளே போகலாம். மின்விசிறிக் காற்றில் வியர்வை ஆறட்டும்.

இரண்டு: போகும் முன் தண்ணீர் குடியுங்கள். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். அரைக் கிலோ குறைந்திருந்தால் அரை லிட்டர் தண்ணீர் பாக்கி என்று அர்த்தம். உப்புப் போட்ட மோர் இதற்கு மிக நல்லது.

மூன்று: முதல் தடவை ஐந்து நிமிடம். பழகிய பின் பத்து. கால் மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் வேண்டாம்.

நான்கு: தனியாகப் போகாதீர்கள். கீழ்ப் பெஞ்சில் உட்காருங்கள். சூடு மேலே ஏறும். எழும் முன் ஒரு நிமிடம் காலை அசைத்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்து மெதுவாக எழுங்கள்.

ஐந்து: தலை சுற்றல், குமட்டல், நெஞ்சு படபடப்பு, உடம்பு சில்லிடுவது, இவற்றில் எது வந்தாலும் உடனே வெளியே. யாராவது பேச்சுக் குழறினால் அது வெப்பத் தாக்கு. தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே ஆம்புலன்ஸுக்கு 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆறு: செருப்பும் சொந்தத் துண்டும் கட்டாயம். வெதுவெதுப்பான ஈரத் தரைதான் படைக்கும் சேற்றுப்புண்ணுக்கும் தாய்வீடு.

கடைசியாக அந்த வரைபடம். பொருளாளர் அண்ணன் கேட்ட கேள்விக்கு என் பதில்: வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் முதல் கட்டத்தில் வேண்டாம். நம் ஊர் வெயிலில் பிள்ளைகளுக்கு முதலில் தேவை ஆவி அல்ல, ஆறுகிற இடம். கூடத்தின் தெற்குப் பக்கம் ஒரு அகலமான வராந்தா, நாலு பெரிய மின்விசிறி, நல்ல குடிதண்ணீர், ஓர் எடை மெஷின். இதற்கு ஸ்டீம் ரூமுக்கு ஆகிற செலவு ஆகாது. அத்தனை பேருக்கும், அத்தனை நாளும் பயன்படும்.

பிறகு பணமும் ஆளும் இருந்து ஸ்டீம் ரூம் கட்டுவதென்றால், கீழ்க்கண்டவை இல்லாமல் கட்டக் கூடாது என்று சங்கம் தீர்மானமே போட வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், தாழ்ப்பாள் கூடாது, முழு உயரத்துக்குக் கண்ணாடி வேண்டும். கால் மணி நேரத்தில் தானாக நிற்கும் டைமர் வேண்டும். உள்ளிருந்து எட்டும் தூரத்தில் அவசர நிறுத்தப் பொத்தான் வேண்டும். நீராவி வெளிவரும் வாய்க்கு மறைப்பு வேண்டும். அதிலிருந்து வருவது 100 டிகிரி, கால் பட்டால் வெந்துவிடும். கூரை சரிவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சூடான துளிகள் தலையில் சொட்டும். வெப்பம் அறியும் சென்சாரைக் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். நம்ம பசங்க அதன் மேல் ஈரத் துண்டைப் போட்டு, அறை குளிர்ந்திருக்கு என்று மெஷினை ஏமாற்றி, இன்னும் கொஞ்சம் ஆவி வரவழைப்பார்கள். சிரிக்காதீர்கள், எல்லா ஜிம்மிலும் நடக்கிறது. போர் தண்ணீரை நேராகக் கொதிகலனுக்கு விட்டால் உப்புப் படிந்து சீக்கிரம் கெட்டுப் போகும். மென்னீராக்கும் கருவி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அறை ஓடுகிற நேரம் முழுவதும் வெளியே ஒரு ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் சம்பளத்தையும் திட்ட மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும். கட்டடத்துக்கு நன்கொடை கிடைக்கும், கல்வெட்டில் பெயர் வரும். மாதச் சம்பளத்துக்கு யார் கல்வெட்டு வைப்பார்கள்? அந்த ஆளுக்கு வழியில்லை என்றால் அந்த அறையும் வேண்டாம்.

தம்பி தங்கைகளே, உடற்பயிற்சியின் பலன் உடற்பயிற்சியில்தான் இருக்கிறது. ஓடினதும், தூக்கினதும், நன்றாகச் சாப்பிட்டதும், தூங்கினதும்தான் உடம்பில் நிற்கும். ஆவிக் குளியல் அதற்கு மேல் வைக்கிற ஒரு சிறு சுகம். அளவோடு இருந்தால் இருக்கட்டும்.

கேள்வி இருந்தால் சாப்பாட்டு வரிசையில் பிடித்துக்கொள்ளுங்கள், அங்கேதான் நிற்பேன்.